ஜெயபாண்டி சார் நிறுத்திய ஆசனம்

செவ்வாய்க்கிழமை காலை கிளினிக்கைத் திறந்து ஜன்னல்களைத் தள்ளிக்கொண்டிருந்தபோது கார்த்திகா போன் செய்தாள். “மேடம், சார் போயிட்டாரு” என்றாள். எந்த சார் என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் இடையில் சார் என்றால் ஒருவர்தான். யோகா மாஸ்டர் ஜெயபாண்டி. விடிந்தும் விடியாத நேரத்தில் நெஞ்சு வலிப்பதாக மனைவியிடம் சொல்லியிருக்கிறார். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

போடியில் அவரைத் தெரியாத வீடு குறைவு. தனியார் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தார். மாலையில் அந்தப் பள்ளியின் கூடத்திலேயே யோகா சொல்லிக்கொடுத்தார். மலைத்தோட்டத்துக்குக் கூலிவேலைக்கு ஜீப்பில் போகிறவர்களின் பிள்ளைகளும், ஏலக்காய்க் கடை முதலாளிகளின் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து அவரிடம் கற்றார்கள். பள்ளி அலுவலகத்தில் இருக்கும் கோப்பைகளில் பாதி அவர் வாங்கிக் கொடுத்தவை. அவரிடம் படித்த உங்களில் பலருக்கு அந்த ஜெயபாண்டியைத் தெரியும். நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். எனக்குத் தெரிந்தது, அந்தக் கோப்பைகளுக்குப் பிறகு வந்த ஜெயபாண்டி. அவரைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

அவருடைய யோகா மாணவி கார்த்திகா ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, அவளைக் கூட்டிக்கொண்டு அவர் முதல்முறையாக என்னிடம் வந்தார். “தோள்ல லேசாப் பிடிச்சிருக்கு டாக்டரம்மா. வெரசா சரி பண்ணி விடுங்க, மாநிலப் போட்டி வருது” என்றார். கையை மேலே தூக்கச் சொன்னேன். பாதி உயரத்தில் தோள்மூட்டு தன் இடத்தை விட்டு இறங்கியது. நான் எழுவதற்குள் அவளே மறுகையால் அதை உள்ளே தள்ளிவிட்டு, ஒரு வித்தை காட்டி முடித்தவள்போலச் சிரித்தாள்.

ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தேன். கட்டைவிரலை மடக்கினால் முன்கையில் போய்ப் படுத்தது. சுண்டுவிரல் பின்பக்கமாக நிமிர்ந்து நின்றது. முழங்கையும் முழங்காலும் நேராக நிற்காமல் பின்னோக்கி வளைந்தன. தோலும் மிக மென்மையாக இருந்தது. நான் சாரிடம் திரும்பி, இனி இவள் போட்டிக்குப் போகக் கூடாது என்றேன்.

“என்ன சொல்ல வர்றீங்க? ஒடம்பு வளையிறது ஒரு நோயா?”

“வளையிறது நோய் இல்ல சார். நெறையப் பேருக்கு அதால ஒண்ணும் ஆகுறதில்ல. ஆனா இவளுக்கு எலும்பைச் சேத்துக் கட்டியிருக்கிற நாரே தளர்ச்சியா இருக்கு. வளைக்க வளைக்க மூட்டு இன்னும் நழுவும். இவளுக்கு இனிமே தேவை வளைவு இல்ல, பிடிப்பு.”

அவர் முகம் சிவந்துவிட்டது. “இத்தன வருசமா புள்ளைகள வளைக்கிறேன். ஒரு தாய் தகப்பன் வந்து கொறை சொன்னதில்ல” என்று சொல்லிவிட்டு, அவளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

சில நாள் கழித்துத் தனியாக வந்தார். நோயாளிகள் எல்லோரும் போகும்வரை வெளியே பெஞ்சில் காத்திருந்தார். உள்ளே வந்து உட்கார்ந்ததும், “அவகிட்ட கேட்டேன்” என்றார். “வலிக்கிதுன்னா ஏந்தாயி எங்கிட்டச் சொல்லலைன்னு கேட்டேன். ‘எல்லாருக்கும் வலிக்கும்தான சார், மத்தவங்க பொறுத்துக்கிறாங்கன்னு நானும் பொறுத்துக்கிட்டேன்’ங்கிறா.”

பிறகு தன் வலது கையை என் முன்னால் நீட்டி, கட்டைவிரலை மடக்கினார். அந்த வயதிலும் அது கார்த்திகாவுடையதைப் போலவே முன்கையில் போய்ப் படுத்தது. “இதையும் பாருங்க” என்றார். கால்சட்டைக்குள் இரண்டு முழங்காலிலும் இறுக்கமான உறை போட்டிருந்தார். இடுப்பு பல வருடங்களாக வலிக்கிறது என்றும், வயதாகிறது என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை என்றும் அன்றைக்குத்தான் சொன்னார்.

கார்த்திகாவின் அம்மா முருகேஸ்வரி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் பறிக்கிறவர். காலையில் ஜீப்பில் ஏறினால் மாலையில்தான் ஊர் திரும்புவார். அவரிடம் பேச சார் என்னையும் அழைத்தார். “நீங்க சொன்னா அது வைத்தியக்காரங்க பேச்சாப் போயிரும். நாந்தான் சொல்லணும். நீங்க சும்மா கூட நில்லுங்க, போதும்” என்றார். ஜீப் வந்து நிற்கும் இடத்திலேயே நின்றோம். விஷயத்தைக் கேட்டதும் முருகேஸ்வரி தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டார்.

“சர்ட்டிபிகேட் வாங்கினா காலேசுல சீட்டு கெடைக்கும்னு நீங்கதானண்ணே சொன்னீங்க?”

“நாந்தாம்மா சொன்னேன்.”

“இப்ப நீங்களே வேணாங்கிறீங்க. எம்புள்ளையும் எங்கூட இந்த ஜீப்புல ஏறணுமா?”

“புள்ள வலியத் தாங்கிக்கிட்டே செஞ்சிருக்கு ஆத்தா. நான் கவனிக்கல. நான் சொன்னது தப்பு.”

முருகேஸ்வரி வாளியை எடுத்துக்கொண்டு நடந்தார். சுற்றிலும் ஜீப்பிலிருந்து இறங்கியவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அத்தனை பேருக்கு முன்னால் ‘தப்பு’ என்று சொன்ன மனிதர், வெகு நேரம் அங்கிருந்து நகரவில்லை.

பள்ளி நிர்வாகத்துக்கும் அது பிடிக்கவில்லை. நிச்சயமாகப் பரிசு வாங்கக்கூடிய ஒரு பெண்ணை நிறுத்திவிட்டார் என்று யோகா வகுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். உடற்கல்வி ஆசிரியராக மட்டும் ஓய்வுபெறும்வரை இருந்தார்.

மாலைகள் காலியானதும் கார்த்திகாவோடு சேர்ந்து அவரும் என்னிடம் சிகிச்சைக்கு வரத் தொடங்கினார். முருகேஸ்வரி மகளை அனுப்பினார், சாரிடம் மட்டும் வெகுநாள் பேசவில்லை. நான் சொல்லிக்கொடுத்தவை பார்க்க எதுவுமே இல்லாத பயிற்சிகள். சுவரில் கையூன்றி, முழங்கை பின்னால் போய்ப் பூட்டிக்கொள்வதற்குச் சற்று முன்னால் நிறுத்த வேண்டும். ரப்பர் பட்டையை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட வேண்டும். தலையணைமேல் ஒற்றைக்காலில் நின்று, உடம்பு எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்காமல் உணர வேண்டும்.

“இது என்ன சார், சும்மா நிக்கிறதெல்லாம் ஒரு பயிற்சியா?” என்று கார்த்திகா அலுத்துக்கொள்வாள்.

“நமக்குச் சும்மா நிக்கிறதுதான் தாயி கஷ்டம்” என்பார். “கடைசி வரைக்கும் போக முடியும்கிறதுக்காக, போயே ஆகணும்னு இல்ல.” வாழ்நாள் முழுக்க ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்று சொல்லிப் பழகிய வாய் அது.

நல்ல முன்னேற்றம் தெரிந்த காலத்தில், ஒருநாள் பள்ளிப் படிக்கட்டில் அவளுடைய முழங்கால் சில்லு விலகிவிட்டது. வீக்கம் வடிந்த பிறகும் அவள் ரப்பர் பட்டையைத் தொடவில்லை. “இம்புட்டு நாள் செஞ்சு என்ன பிரயோசனம்?” என்று என் அறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். சார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். “எனக்குந்தான் நேத்து முட்டி வீங்கிப்போச்சு. இன்னைக்கு ரெண்டு பேரும் பாதி செய்வோம். பாதி செஞ்சாலும் செஞ்சதுதான்” என்றார். அன்று பாதிதான் செய்தார்கள். இந்த நோய் உள்ளவர்களுக்கு நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வரும் என்பதை நான் படித்திருந்தேன். கெட்ட நாளில் ஒருவரிடம் எப்படிப் பேசுவது என்பதை அன்றுதான் பார்த்தேன்.

இந்தத் தளர்ச்சி சிலருக்கு மூட்டோடு நிற்பதில்லை. கண்ணிலும் இருதயத்திலும் இருக்கலாம். அதனால் மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்து வரச் சொன்னேன். கார்த்திகா பயந்தாள். “நானும் எடுத்துக்கிறேன், வா” என்று அவளுக்குத் துணையாகப் போனவர் அவர். அவளுடைய ஸ்கேனில் எந்தக் குறையும் இல்லை. இருதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் அகன்றிருந்தது அவருக்குத்தான். மாத்திரை கொடுத்தார்கள், கனமான எதையும் தூக்கக் கூடாது, வருடாவருடம் வந்து பார்க்க வேண்டும் என்றார்கள். ரிப்போர்ட்டை என்னிடம் கொடுத்தபோது, “மாத்தி வந்திருந்தா என்னால தாங்கியிருக்க முடியாது டாக்டரம்மா” என்று மட்டும் சொன்னார்.

அவர் ஓய்வுபெற்ற வருடம் பள்ளி ஆண்டுவிழாவில் பொன்னாடை போர்த்தினார்கள். நானும் போயிருந்தேன். யோகாக் குழுப் பிள்ளைகள் மேடையில் உடம்பை வில்லாய் வளைத்துக் காட்டி முடித்திருந்தார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் மைக்கை அவரிடம் கொடுத்தார்கள். அவர் பெற்றோர்களைப் பார்த்துப் பேசாமல் மேடையோரம் நின்ற பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

“ரொம்ப அழகா செஞ்சீங்கப்பா. இப்ப யாருக்காச்சும் வலிக்கிதா? பயப்படாமக் கையத் தூக்குங்க.”

யாரும் அசையவில்லை. பிறகு ஒரு சின்னப் பெண் கையைத் தூக்கினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. அதன்பின் பின்வரிசையில் சிலர்.

“கைய எறக்குங்க. வலிச்சா சொல்லணும். வாத்தியார் கோவிச்சாலும் சொல்லணும்” என்றவர், பிறகு பெற்றோர்களிடம் சொன்னார்: “இந்த ஒரு கேள்வியக் கேக்காமலே நான் அம்புட்டு கப்பும் வாங்கிட்டேன்.” அவ்வளவுதான் பேசினார்.

அன்று கையைத் தூக்கிய பிள்ளைகளில் சிலரை அடுத்தடுத்த வாரங்களில் அவரே என்னிடம் கூட்டி வந்தார். பெரும்பாலோருக்குச் சாதாரணத் தசைவலிதான். இரண்டொருவருக்கு அப்படி இல்லை. அதற்குப் பிறகு தேவாரம், கம்பம் பக்கம் யோகா சொல்லிக்கொடுப்பவர்களையும் பஸ்சில் போய்ப் பார்த்துப் பேசினார். சிலர் கேட்டார்கள், சிலர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. அவர்களிடம் மறுபடியும் போனார்.

கடைசியாக எடுத்த ஸ்கேனில் குழாய் மேலும் அகன்றிருந்தது. ஆபரேஷனுக்குச் சம்மதித்திருந்தார். மனைவிக்குக் கண் ஆபரேஷன் முடியட்டும், பிறகு போகிறேன் என்றார். அந்த அவகாசம் அவருக்குக் கிடைக்கவில்லை.

கார்த்திகா இப்போது பி.காம். முடித்துவிட்டு ஏலக்காய் வியாபாரி ஒருவரின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். தோள் நழுவுவது அபூர்வம். விரல் வலியால் பேனா பிடிக்க முடியாத நாட்கள் இன்னும் வருகின்றன. அன்றைக்குப் பாதி வேலை செய்கிறாள்.

காரியம் முடிந்த மறுநாள் முருகேஸ்வரி என் கிளினிக்குக்கு வந்தார். கூடவே தோட்டத்தில் தன்னோடு வேலை செய்யும் பெண்ணின் மகளைக் கூட்டி வந்திருந்தார். “இந்தப் புள்ளைக்கு மணிக்கட்டு அடிக்கடி வெலகுதாம். அவங்க ஆத்தா, வளரும்போது சரியாப் போயிரும்னு சொல்றா. சார் இருந்தா அவர்கிட்டதான் சொல்லியிருப்பேன். இன்னைக்கு நான் ஜீப்புக்குப் போகல” என்றார். அந்தப் பெண்ணை அருகில் இழுத்து, அவளுடைய கையை எடுத்து என் மேசைமேல் வைத்தார்.

நான் படித்தது உண்மையென்றே நம்பித் தொழில் செய்கிறேன். நாளைக்கு யாராவது என் எதிரே உட்கார்ந்து, இத்தனை வருடம் நான் செய்தது தவறு என்று காட்டலாம். அப்போது எனக்கும் கோபம் வரும். நானும் எழுந்து போய்விடுவேன். ஆனால் சில நாள் கழித்துத் தனியாகத் திரும்பி வந்து, வெளியே பெஞ்சில் காத்திருக்க என்னால் முடிய வேண்டும். ஜெயபாண்டி சாரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருப்பது அந்தத் திரும்பி வருதல்தான்.