ஒசரத்துக்கு ஒரு குட்டி வண்டி

வண்டியிலிருந்து வடித்த பழைய என்ஜின் ஆயிலின் வாசனை. எங்கள் தெரு முனையில் ஒரு மெக்கானிக் ஷெட் இருக்கிறது. அதைக் கடக்கும்போதெல்லாம் மூக்கு என்னை மரக்காணத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். கறுத்த, கருகின வாசனைதான். ஆனால் முதலில் சிரிப்பு வரும், பின்னாலேயே யாருக்கென்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு நன்றி வரும்.

என் தங்கை மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்கிறாள். அங்கே இரும்பு என்று எது இருந்தாலும் இந்தப் பழைய ஆயிலைப் பூசித்தான் வைப்பார்கள். கேட், ஜன்னல் கம்பி, கடப்பாரை, தையல் மெஷினின் கால். காற்றே உப்பு. பூசாமல் விட்டால் ஒரு மழைக்காலத்தில் பொரிந்து உதிர்ந்துவிடும்.

அவள் மகளுக்கு அப்போது பதினைந்து வயது. மடமடவென்று வளர்ந்து அம்மாவைத் தாண்டி, அப்பாவையும் தாண்டி, வாசல் நிலையில் தலை இடிக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் பையன்கள், "டேய், லைட் அவுஸ் வருதுடா" என்பார்களாம். அதற்கப்புறம் தோளைக் குறுக்கி, கழுத்தை உள்ளே இழுத்து நடக்கப் பழகிக்கொண்டாள். வாலிபால் டீமை விட்டாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன இடத்தில், வளர்வதை நிறுத்த மாத்திரை இருக்கிறதா என்று டாக்டரைக் கேட்டிருக்கிறாள். தங்கை போனில் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் போனை வைத்துவிட்டாள்.

அந்தப் பெண் ஒருநாள் தானாகவே கூப்பிட்டாள். "பெரிம்மா, எனக்கு பி.எம்.எக்ஸ். சைக்கிள் ஒண்ணு வேணும்."

குட்டிச் சக்கரம் வைத்த, மேட்டில் ஏறித் தாவுகிற வண்டி. இடையஞ்சாவடிப் பக்கம் சிமெண்ட் சரிவுகளில் பிள்ளைகள் ஓட்டுவதைப் பார்த்திருக்கிறாள். எனக்கு அதைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் தன்னைச் சுருக்கிக்கொண்டே போன பிள்ளை, ஏதோ ஒன்றை வேண்டும் என்று கேட்டுவிட்டாள். எழுதிக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறினேன். எனக்கு எதையாவது போட்டுவிட்டு பஸ் ஏற ஒரு சாக்கு இருந்தால் போதும். அன்றைக்கு நல்ல சாக்கு.

முதலில் திண்டிவனத்தில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் அவளை அண்ணாந்து பார்த்தார்.

"இந்த ஒசரத்துக்கு அந்தக் குட்டி வண்டியா? சர்க்கஸ் கரடி மாதிரி இருக்கும்மா. பெரிய வீல் எடுத்துக்கோ, சொல்றத கேளு."

கெட்ட மனிதர் இல்லை. அவருக்குத் தெரிந்த கணக்கு அது. ஆள் உயரம் என்றால் சக்கரம் பெரிது. எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. அவள் மட்டும், "அது வேணாம்" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். கடைசியில் அவர் கடையிலிருந்த ஒரே பி.எம்.எக்ஸை வெளியே எடுத்து, சீட்டை எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவு தூக்கிக் கொடுத்தார். அவள் உட்கார்ந்து ரெண்டு மிதி மிதித்தாள். முழங்கால் டங்கென்று ஹேண்டில்பாரில் இடித்தது. எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"நான்தான் சொன்னேன்ல" என்றார் கடைக்காரர்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பெருமுக்கல் மலை வந்து, போனது. "எதுவுமே எனக்குப் பத்தாது பெரிம்மா" என்றாள். சைக்கிளை மட்டும் சொல்லவில்லை என்று புரிந்தது. இடையஞ்சாவடிக்குக் காலையில் எத்தனை மணிக்கு பஸ் என்று கண்டக்டரைக் கேட்டேன்.

மறுநாள் இடையஞ்சாவடிக்குக் கூட்டிப்போனேன். ஒன்றும் நடக்காவிட்டாலும் பார்த்துவிட்டாவது வரலாமே. சிமெண்ட் சரிவில் ஒரு பெண் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். இருபது வயது இருக்கும், அதே ஊர்க்காரி. வண்டியை விட்டு இறங்கி நின்றபோதுதான் கவனித்தேன், எங்கள் பிள்ளையைவிட ஒரு விரல் உயரம். அவள் குறுகி நிற்கவில்லை.

திண்டிவனத்துக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சீட்டத் தூக்குனாரா! ஆன்ட்டி, இதுல யாரு உக்காருறா? நின்னுகினுதான் ஓட்டணும். வீல் எல்லாருக்கும் ஒரே சைஸுதான். ஃபிரேமுதான் நீளமா இருக்கணும். முட்டி இடிச்சா ஃபிரேம் கட்டை, அவ்ளோதான்."

தன் வண்டியை எங்கள் பிள்ளையின் கையில் தள்ளினாள். "ஏறு. சும்மா ஏறுப்பா. நம்ம மாதிரி ஒசரமானவங்களுக்குன்னே இந்த சைஸ் வருது."

நம்ம மாதிரி. அந்த ரெண்டு வார்த்தைக்காக அந்தப் பெண்ணை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். எங்கள் பிள்ளை பெடலில் எழுந்து நின்றாள். முழங்கால் எங்கேயும் இடிக்கவில்லை. ஒரு சுற்று சுற்றி வந்தாள். இன்னொரு சுற்று. கூப்பிட்டும் காதில் விழவில்லை. அந்தப் பெண்ணிடம் அதே அளவில் பழைய வண்டி ஒன்று இருந்தது. பச்சை பெயிண்ட், அங்கங்கே உரிந்தது. அதைத்தான் வாங்கினோம்.

சாயங்காலம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் தங்கை ஆயில் டப்பாவோடு வந்துவிட்டாள். இரும்பு வீட்டுக்குள் நுழைகிறதென்றால் அவளுக்கு வேறு மரியாதை தெரியாது. ஃபிரேம், ஹேண்டில், செயின், கம்பி கம்பியாக, பிறகு ரெண்டு ரிம்மும், அதைப் பிடிக்கிற பிரேக் கட்டையும். குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது மாதிரி ஒரு இடம் விடவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து, "அங்க விட்டுட்ட பாரு" என்று காட்டிக்கொண்டிருந்தேன்.

காலையில் உப்பளத்து வரப்பில் பிள்ளை பறந்தாள். நின்றுகொண்டு, காற்றுக்கு எதிரே. வரப்பு திரும்புகிற இடத்தில் பிரேக்கைப் பிடித்தாள். வண்டி நிற்குமா? அவ்வளவு ஆயில்! வழுக்கிக்கொண்டே போய் உப்புப் பாத்திக்குள் தொபுக்கென்று விழுந்தாள்.

கூடை சுமந்துகொண்டிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். தங்கை எல்லாருக்கும் முன்னால். "ஐயோ, அடி பட்டுச்சாடி?"

கணுக்கால் அளவு உப்புத் தண்ணீரிலிருந்து அவள் எழுந்தாள். முடியிலும் சட்டையிலும் உப்பு. எழுந்தவள் தோளைக் குறுக்க மறந்துவிட்டாள். முழு உயரத்துக்கு நின்றாள். "பிரேக்குக்குப் போய் எவளாச்சும் ஆயில் போடுவாளாம்மா?" என்று கத்தினாள்.

அந்த வரப்பே சிரித்தது.

"துருப் புடிக்காம இருக்கட்டும்னு போட்டேன்டி!"

"வண்டி நிக்காம போனா துரு எங்கருந்து புடிக்கும்?" என்றாள் ஒரு கூடைக்காரி.

"ஏன்டி, எவ்ளோ ஒசரமா இருக்குது உன் பொண்ணு! இவ்ளோ நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்த?" என்றாள் இன்னொருத்தி. பிள்ளை அதற்கும் குனியவில்லை. தலையிலிருந்த உப்பை உதறிக்கொண்டே சிரித்தாள்.

பாத்திரம் தேய்க்கிற சோப்பு போட்டு நானும் தங்கையும் ரிம்மைக் கழுவினோம். பிரேக் கட்டையை உப்புத்தாளால் தேய்த்தோம். மத்தியானத்துக்குள் பிரேக் பிடித்தது.

சாயங்காலம் நான் கிளம்பினேன். பிள்ளை பஸ் ஸ்டாண்டு வரை பக்கத்திலேயே வண்டியில் வந்தாள், நின்றுகொண்டேதான். புதுச்சேரி பஸ் வந்துவிட்டது. நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும், வண்டியைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு நேராக முகத்தை வைத்தாள். எக்கத் தேவையிருக்கவில்லை.

"பெரிம்மா, நான் இன்னும் வளந்துட்டா? இதுவும் முட்டுமே?"

"முட்டுனா சொல்லு, இன்னும் நீளமா ஒண்ணு பாக்கலாம். நீ வளரு."