ரெனி கழற்றிய தகடு

திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகம் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், பழைய மோட்டார் சைக்கிள்களைப் புதுப்பிக்கும் ஒர்க்‌ஷாப் இருந்தது. நடத்தியவன் சிபி. ஆனால் உள்ளே சட்டம் போட்டு மாட்டியிருந்த லைசென்ஸில் அவன் மனைவி ரெனியின் பெயர்தான் இருந்தது. பெண்கள் பெயரில் விண்ணப்பித்தால் சீக்கிரம் கிடைக்கும் என்று சொல்லி, கல்யாணமான மறுவருஷம் அவளிடம் கையெழுத்து வாங்கியிருந்தான்.

ரெனிக்கு ஊர் எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் களியக்காவிளைப் பக்கம். வண்டி வேலை எதுவும் தெரியாமல்தான் வந்தாள். சிபிக்குச் சோறு கொண்டுபோனவள், பெயிண்ட் அடிக்க டேப் ஒட்டிக் கொடுக்க ஆரம்பித்தாள். பிறகு அவளுக்கென்று ஒரு வேலை அமைந்தது. பழைய வண்டிகளின் கழுத்தில், ஹேண்டில் பாருக்குக் கீழே, தீப்பெட்டி அளவில் ஒரு தகடு ரிவெட் அடித்திருக்கும். வண்டியின் சேஸிஸ் நம்பர் அதில் இருக்கும். ஃபிரேமில் மணலைப் பீய்ச்சித் துரு எடுக்கும் முன் அந்தத் தகட்டைக் கழற்றிவிட வேண்டும். நெம்பினால் வளைந்துவிடும். ரெனி சின்ன பிட்டால் ரிவெட்டின் தலையை மட்டும் குடைந்து எடுப்பாள். உப்புத்தாள் போட்டால் எழுத்து தேய்ந்துவிடும் என்று மண்ணெண்ணெயில் ஊறவைத்து டூத் பிரஷ்ஷால் துடைப்பாள். ஃபிரேமிலும் அதே நம்பர் குத்தியிருக்கும். அந்த இடத்தில் மட்டும் பெயிண்டை மெல்லிசாக ஓட்டுவாள். தடித்துப் போனால் நம்பர் மறைந்து ஆர்டிஓ ஆபீஸில் வண்டி நின்றுவிடும். அவள் கழற்றி மாட்டிய தகட்டில் கைபட்ட அடையாளமே இருக்காது.

ஒரு சமயத்திலிருந்து சிபி வெறும் தகடுகளைக் கொண்டுவர ஆரம்பித்தான். ஃபிரேம் துருப்பிடித்து இற்றுப்போன வண்டிகளுடையவை, சொந்தக்காரர்கள் வேறு ஃபிரேமில் மாட்டித் தரச் சொல்கிறார்கள் என்றான். ரெனி நம்பினாள். நம்பாமல் இருந்தால் அடுத்து என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பிறகு ஒரு புல்லட் ஃபிரேம் வந்தது. தகடு வரும் இடத்துக்குப் பக்கத்தில் குத்தியிருந்த நம்பரைத் துடைத்தபோது விரலுக்கு ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. பழைய நம்பரை அரத்தால் ராவி எடுத்துவிட்டு, சிபி கொண்டுவந்த தகட்டின் நம்பரைப் புதிதாகக் குத்தியிருந்தார்கள். சிபியிடம் கேட்டாள். அவன் கார்புரேட்டரிலிருந்து தலை தூக்கவில்லை.

"ஒனக்கு எந்துக்கு அது? தகட்ட அடி. ஒர்க்‌ஷாப்பு ஒன் பேர்லயாக்கும், ஓர்ம இருக்கட்டு."

அவன் குரலை உயர்த்தவில்லை. மழைக்கு முன் துணியை எடுத்து வைக்கச் சொல்வதுபோலச் சொன்னான். ரெனி தகட்டை வைத்து ரிவெட் அடித்தாள்.

மறுநாள் குற்றாலலிங்கம் என்பவர் வந்தார். தென்காசிக்காரர். பழவங்காடியில் பிள்ளையாருக்கு உடைக்கும் தேங்காய் விற்கும் கடை வைத்திருந்தார். மூட்டை ஏற்றும் அவருடைய புல்லட் கோட்டைக்குப் பக்கத்தில் திருட்டுப் போயிருந்தது. ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பாகத் தேடிக்கொண்டு வந்தவர், ஸ்டாண்டில் நின்ற ஃபிரேமின் பின்குழாய்க்கு அடியில் கையை விட்டுத் தடவினார்.

"மூட்டை கெட்டுததுக்கு இங்ஙன ஒரு கொக்கி பத்த வச்சிருந்தேம்மா. ராவியிருக்காங்க. ஆனா மேடு தட்டுது."

சிபி வந்து தகட்டைக் காட்டி நம்பரைப் படிக்கச் சொன்னான். அவருடைய நம்பர் அது இல்லை. அவர் ரெனியின் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு தாயி. இந்தத் தகடு இதுலயே இருந்ததுதானா?"

சிபி அவளைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

"ஆமா அண்ணாச்சி," என்றாள் ரெனி.

அவர் ஃபிரேமிலிருந்து கையை எடுத்தார். வயசாகிவிட்டது, கை தப்பாகச் சொல்லியிருக்கும் என்று மன்னிப்புக் கேட்கிறவர்போலச் சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு ரெனிக்கு ஷெட்டுக்குள் மூச்சு முட்டியது. தின்னர் வாசனை என்று நினைத்து வாசலில் போய் நின்று பார்த்தாள், அங்கும் அப்படித்தான் இருந்தது. ஒருநாள் சொல்லாமல் பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போனாள். அம்மா ஞானபாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மகளுக்குச் சோறு போட்டாள். சாப்பிட்டு முடித்ததும், லைசென்ஸ் உன் பேரில் இருக்கும்போது எங்கே வந்து உட்கார்ந்தாலும் போலீஸ் உன்னைத்தான் தேடி வரும், அவனோடு இருந்தால் அவனாவது பேசி முடிப்பான் என்றாள். ரெனி பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட்டாள். எங்கே போனாய் என்று சிபி கேட்கவில்லை. திரும்பி வருவாள் என்று அவனுக்குத் தெரிந்திருந்ததுதான் அவளை அதிகமாக வதைத்தது.

வண்டியை வாங்க எர்ணாகுளத்திலிருந்து ஆள் வருவதாக இருந்த அன்று காலை, சிபி டயர் வாங்கப் போயிருந்தான். ரெனி டிரில்லை எடுத்தாள். வழக்கம்போல ரிவெட்டின் தலையை மட்டும் குடைந்தாள். தகடு வளையாமல் வந்தது. கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு பழவங்காடிக்கு நடந்தாள்.

கடையில் கூட்டமாக இருந்தது. கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றாள். பிறகு தகட்டைத் தேங்காய்க் குவியலின்மேல் வைத்துவிட்டு, அந்த ஃபிரேம் அவருடையதுதான், இந்தத் தகட்டை அடித்தது தான்தான் என்று சொன்னாள்.

குற்றாலலிங்கம் அதைத் தொடவில்லை. "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார். "நான் என் கையயே சந்தேகப்பட்டுட்டு இருந்தேன்."

அவர் கடையைப் பூட்டினார். இருவரும் ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

அங்கே எஸ்.ஐ. மலையாளத்தில் மூன்று கேள்வி கேட்டார். ஒர்க்‌ஷாப் யாருடையது, இந்தத் தகட்டை மாட்டியது யார், இன்று கழற்றியது யார். மூன்றுக்கும் ரெனி தன் பெயரையே சொல்ல வேண்டியிருந்தது. நம்பரை ராவியது கணவன் என்று அவள் சொன்னதையும் எழுதிக்கொண்டார்கள். சாயங்காலம் சிபியைப் பிடித்து வந்தார்கள். வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதல் பெயர் ரெனி, இரண்டாவது சிபி.

இருவருக்கும் ஜாமீன் கிடைத்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தை விட்டுப் போகக்கூடாது, வாரந்தோறும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை. அம்மா வீடு எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்ததால் அங்கே போக முடியாமல் போயிற்று. வேறு வீட்டுக்கு வழியில்லை. விட்டுப் போக நினைத்தவனோடு அதே இரண்டு அறைக்குள் சட்டமே அவளை வைத்துப் பூட்டியது. சிபி அவளை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. முன் அறையில் பாய் போட்டுக்கொண்டான். அவள் வைக்கும் சோற்றை அவனே எடுத்துப் போட்டுத் தின்றான்.

எல்லாம் கணவன் செய்தது, தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னால் தப்பிக்கலாம் என்றார் வக்கீல். ரெனி தலையசைத்து மறுத்தாள்.

"தெரிஞ்சுதான் அடிச்சேன் சார். பயந்துட்டு அடிச்சேன். ரெண்டையும் எழுதுங்க."

அப்படி எழுதினால் தண்டனை வரலாம் என்று அவர் எச்சரித்தார். வரட்டும் என்றாள். அன்று வீட்டுக்கு வந்ததும் சிபி கேட்டான், வக்கீல் என்ன சொன்னார் என்று. பல மாதங்களில் அவன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவள் உள்ளதைச் சொன்னாள். அவன் பாயை விரித்துக்கொண்டே, "என் பேரையும் நேரா சொல்லு. இனி நான் தடுக்க மாட்டேன்," என்றான்.

அது பயத்தில் சொன்னதா, வேறு எதிலாவது சொன்னதா என்று ரெனி இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. வழக்கு முடியவில்லை. குற்றாலலிங்கத்தின் வண்டி வழக்கின் சான்றுப் பொருளாக ஸ்டேஷன் வளாகத்தில் நிற்கிறது, அவர் மூட்டைகளை ஆட்டோவில் ஏற்றுகிறார். திங்கட்கிழமைகளில் ரெனியும் சிபியும் ஒரே பஸ்ஸில் கையெழுத்துப் போடப் போகிறார்கள். அவள் பெண்கள் இருக்கையில் உட்காருகிறாள், அவன் பின்படியருகே நின்றுகொள்கிறான்.