சலோமியின் ஆறு மணி ஜெபம்

ஈர விறகுப் புகை கண்ணைக் கரிக்கும். தகரக் கூரையில் மழை தடதடவென்று விழும். அதையும் தாண்டி ஒரு பெண் குரல் பாடும்... கொட்டகலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஆறு மணி என்றால் அதுதான்.

என் மனைவி சலோமியின் குரல். கொழுந்து எடுத்துவிட்டு வந்து, முகம் கழுவி, அடுப்பை மூட்டிவிட்டு ஜெபத்துக்கு உட்காருவாள். பாட்டும் அவளே, ஜெபமும் அவளே. எனக்கு ஃபெக்டரி வேலை முடிந்த அலுப்பு... கடைசியில் "ஆமென்" சொல்வது மட்டும்தான் என் பங்கு. அதையும் சில நாள் மகள் ஷாலினி தொடையில் கிள்ளித்தான் சொல்ல வைப்பாள்.

பக்கத்து வீட்டு முத்துலெட்சுமி அக்கா மாரியம்மன் கோயிலே கதி என்று இருப்பவர். அவரே சலோமியின் பாட்டு முடிந்தால்தான் உலை வைப்பார்.

பிறகு சலோமிக்குக் குவைத்துக்கு விசா வந்தது. வீட்டு வேலை. எங்கள் நிலைமைக்கு வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான். முன்பே போய் வந்த பெண்கள், அடுத்தவர் வீட்டில் இப்படி வாய்விட்டுப் பாட முடியாது, உட்காரவே நேரம் கிடைக்காது என்று சொன்னார்கள்.

மறுநாள் சாயங்காலம் சலோமி பாயை விரித்து எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்தாள். நீங்கள் இங்கே ஜெபம் பண்ணுங்கள், நான் உள்ளே பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டுக் அடுப்பு இருந்த குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் வாயைத் திறந்தால் இருமல்தான் வந்தது. ஷாலினி சிரித்துவிட்டாள். எனக்கு வந்ததே கோபம்... சலோமி வெளியே வந்ததும், போகப்போகிற நேரத்தில் இதென்ன கூத்து என்று கேட்டேன்.

"அங்க போனா மனசு ஓடும்ங்க, கன்னுக்குட்டி மாதிரி. ஓடுன பிறகு புடிக்க ஏலாது. இப்பவே கட்டிப் பழக்கணும். நீங்க இங்க விடாம பண்ணுனீங்கன்னாத்தான் நான் அங்க விடாம இருப்பேன்."

வேறு எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பேன். போயும் போயும் ஜெபத்தைக் கேட்டாளே என்றிருந்தது. ஆனாலும் அவள் புறப்படும் நாள் வரைக்கும் அப்படித்தான் நடந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நாங்கள். முதலில் எங்களுக்கு அவள் முணுமுணுப்பு கேட்டது. போகப் போக அதுவும் கேட்கவில்லை.

போய்விட்டாள்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த வருஷங்களில் நான் களைத்துப் போனேன். ஃபெக்டரியிலிருந்து வந்து, சோறு வடித்து, பிள்ளையின் யூனிஃபோர்மை அடுப்புச் சூட்டில் காயவைத்து... அதற்குப் பிறகு பாயில் உட்கார்ந்தால் கண் சொருகும். எனக்கு அழகாக ஜெபிக்கத் தெரியாது. "ஆண்டவரே, இன்னைக்கும் உக்காந்துட்டோம்" என்பேன். பல நாள் அவ்வளவுதான் ஜெபம். சில நாள் கோபத்தோடுதான் உட்கார்ந்தேன், இந்தப் பிழைப்பை நீர் பார்க்கிறீரா இல்லையா என்று. எனக்குக் காய்ச்சல் கண்டால் ஷாலினி பண்ணுவாள். எப்படியோ, விடவில்லை.

எப்போதாவது போன் வரும். அவள் முதலில் கேட்பது அதைத்தான். பண்ணுகிறோம் என்று நான் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்கும்.

ஒருவழியாகத் திரும்பி வந்தாள். மெலிந்திருந்தாள். அன்று ஆறு மணிக்கு முத்துலெட்சுமி அக்கா பாட்டுக் கேட்பதற்கென்றே எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார். நான் ரொம்பச் சந்தோஷமாக, இனி உன் பாடு என்று சலோமியிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினேன்.

ஒரு சத்தமும் இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். அவளுடைய உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஷாலினி என் முகத்தைப் பார்த்தாள்.

"கொஞ்சம் சத்தமா பண்ணு சலோமி" என்றேன்.

அவள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். "சத்தமாத்தாங்க பண்றேன்" என்றாள்.

வாசலில் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அத்தனை வருஷமும் அடுத்தவர் வீட்டில் உதட்டுக்குள்ளேயே பண்ணிப் பழகியிருக்கிறாள். அன்றும் நான்தான் பண்ணி முடித்தேன்.

இப்போது கொட்டகலை டவுனுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். கேஸ் அடுப்பு, புகை இல்லை. நான் ஆட்டோ ஓட்டுகிறேன். சபையில் மைக் இருக்கிறது, ஸ்பீக்கர் இருக்கிறது. போனைத் திறந்தால் விடிய விடிய ஜெபம் ஓடுகிறது. ஷாலினி கொழும்பில் வேலை. ஆறு மணி ஆனால் "ஜெபம் பண்ணியாச்சா?" என்று மெசேஜ் வந்துவிடும். எல்லாம் இருக்கிறது... அந்தக் குரல் மட்டும் திரும்பி வரவில்லை. வயிற்றெரிச்சல்தான், மறைப்பானேன்.

நேற்று நல்ல மழை. ஆட்டோ ஓட்டிக் களைத்து வந்து பாயில் உட்கார்ந்தவன், ஜெபத்தின் நடுவிலேயே தூங்கிவிட்டேன். விழித்துப் பார்த்தால் நேரம் எங்கேயோ போயிருந்தது. சலோமி அதே இடத்தில் கண்ணை மூடியபடி இருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. என் பேர் வந்தது, பிள்ளை பேர் வந்தது... உதட்டைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது.

கன்றுக்குட்டி ஓடவில்லை.

உதடு நிற்கும் வரைக்கும் காத்திருந்து, பழையபடி என் பங்கை மட்டும் சொன்னேன். ஆமென்.