பூபாலன் சாப்பிடுகிறார்

கவலை மீனின் நடுமுள்ளை ஒரே இழுப்பில் உருவித் தட்டின் விளிம்பில் கிடத்திவிட்டு, பூபாலன் அடுத்த கவளத்தை உருட்டுகிறார். மோட்டார் அறைக்கு வெளியே ஒரே அமளி. சி பிளாக்கில் குழாய் உடைந்து மாடிப்படி வழியாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது. காவலாளி வந்து சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூன்றாம் மாடிக் கல்யாணி பால்கனியிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டார். பூபாலன் நிமிர வேண்டுமே. சின்ன முட்கள் ஒவ்வொன்றாகப் பெரிய முள்ளுக்குப் பக்கத்தில் அளவு பார்த்துப் படுக்கின்றன. மோரை ஊற்றி, தட்டை வழித்து, கையைக் கழுவி, நிம்மதியாக ஓர் ஏப்பம் விட்ட பிறகுதான் வெளியே எட்டிப் பார்க்கிறார். "இன்னா, தண்ணி போவுதா? எங்க?" பாசாங்கு என்று நினைத்துவிடாதீர்கள். உண்மையிலேயே அப்போதுதான் அவர் காதில் விழுகிறது.

"சோறு துன்றப்போ நா வேற ஆளு. காது கேக்காது, கண்ணு தெரியாது. கை மட்டும்தான் வேல செய்யும்" என்று இதை ஒரு பெருமையாகவே சொல்லிக்கொள்வார்.

கேளம்பாக்கத்தில் ஐ.டி. குடும்பங்கள் நிறைந்த அந்த அடுக்குமாடிக்கு அவர்தான் பிளம்பர். பூஞ்சேரியிலிருந்து தினமும் ஒரு பழைய ஸ்கூட்டரில் வருகிறார். குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப் சுருள் எந்நேரமும் இடது மணிக்கட்டில் வளையலாகக் கிடக்கும். சுவரில் காதை வைத்து, "தோ, இங்கதான் கசியுது" என்பார். பாதி நேரம் தப்பாகத்தான் இருக்கும். அப்புறம் நாலு இடத்தில் உடைத்துப் பார்ப்பார், வீட்டுக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனாலும் அவர்மேல் யாருக்கும் கோபம் நிற்காது. ஜோக் சொல்லுமுன் தானே சிரித்துவிடுகிற ஆள். பல்லிக்குப் பயந்தவர். குளியலறைக்குள் நுழையுமுன், "மேல எதனா கீதா?" என்று கேட்டுவிட்டுத்தான் கால் வைப்பார். இந்த மனிதரைத்தான் முன்பின் தெரியாதவர்கள்கூட, பார்த்த மாத்திரத்தில் நாலு சாத்து சாத்த வேண்டும் என்று கை துறுதுறுக்கத் திட்டித் தீர்த்தார்கள்.

எல்லாம் சுஷ்மிதாவால் வந்தது. அதே குடியிருப்பில் இரண்டாம் மாடிப் பெண். கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டுப் படம் எடுக்கப் போனவர். தண்ணீர் வரவில்லை என்று சொல்ல மோட்டார் அறைக்கு வந்தவர், வந்த காரியத்தை மறந்துவிட்டு, பூபாலன் சாப்பிட்டு முடிக்கும்வரை வாசலிலேயே நின்றாராம். "அண்ணா, என் படத்துல நீங்க நடிக்கணும்" என்றார். பூபாலனுக்குத் தலைகால் புரியவில்லை.

"வசனம் நெறைய இருக்குமா மேடம்? நமக்கு ஞாபகம் நிக்காது."

"வசனமே இல்லண்ணா. வீட்டுல எப்படிச் சாப்பிடுவீங்களோ அப்படிச் சாப்பிடுங்க, போதும்."

சதுரங்கப்பட்டினத்தில் ஒரு வாடகை வீட்டில் எடுத்தார்கள். படத்துக்கு சுஷ்மிதா அழகான ஒரு பெயர் வைத்திருக்கிறார். இந்த வட்டாரத்தில் அதைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. 'சோறு துன்ற படம்' என்றால்தான் தெரியும். அம்மா வீட்டுக்குப் போய் வரட்டுமா என்று கேட்ட மனைவியை ஒருவன் உள்ளறையில் தள்ளித் தாழ்ப்பாள் போடுகிறான். வெளியே வந்து உட்கார்ந்து மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிடுகிறான். அவள் உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிறாள். கேமரா அசைவதில்லை. பாட்டில்லை, பின்னணி இசையில்லை. அவன் முள் எடுக்கிறான், அவள் தட்டுகிறாள். தட்டுகிற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றே போகிறது. அவன் மோர் ஊற்றிக்கொள்கிறான்.

வெளிநாட்டில் பரிசு கொடுத்தார்கள். உள்ளூரில் தடை கேட்டார்கள். பெண்ணைக் கொடுமைப்படுத்துவதை ரசித்து எடுத்த படம் என்று டி.வி. விவாதத்தில் ஒருவர் மேசையைக் குத்தினார். குடும்பம் நடத்துகிற ஆண்களையெல்லாம் கேவலப்படுத்திவிட்டார்கள் என்று இன்னொருவர் அதே மேசையைக் குத்தினார். இரண்டு பேருக்கும் பின்னால், திரை முழுக்க, பூபாலன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

செங்கல்பட்டில் ஒரு தியேட்டரில் படம் வந்தபோது, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் முதல் காட்சிக்குப் போனார். முடிந்ததும் ஓடி வந்து வாசலில், எல்லார் கண்ணிலும் படுகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டார். முதலில் வெளியே வந்த அம்மாள் அவரைப் பார்த்ததும் புருஷன் கையை இறுகப் பிடித்துக்கொண்டு மறுபக்கமாக நடந்தார். அடுத்து வந்த இளைஞன், "ஒன்ன செருப்பால அடிக்கணும்யா" என்று பல்லைக் கடித்தான். நாலடி போனவன் திரும்பி வந்து, "அண்ணாத்த, ஒரு செல்ஃபி" என்றான். பூபாலன் இரண்டையும் ஒரே சிரிப்போடு வாங்கிக்கொண்டார்.

டீக்கடை செங்கல்வராயன் அவருக்கு மட்டும் சர்க்கரை போடாமல் டீ கொடுக்க ஆரம்பித்தார்.

"இன்னா மச்சான், இத்தினி நாளு உன்ன நல்லவன்னு நெனச்சிகினு இர்ந்தேன்."

"நடிப்பு மச்சான் அது."

"நடிப்புன்னா வாயி கோணணும், கண்ணு செவக்கணும். நீ நடிச்சா மாரியே தெரியலியே."

இதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்குமா? சர்க்கரை இல்லாத டீயை பூபாலன் ருசித்துக் குடித்தார்.

கல்யாணி வீட்டில் குழாய் மாற்றப் போனால், அவர் வாசற்கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, கையில் சப்பாத்திக் கட்டையோடு குளியலறை வாசலில் நின்றார். "தப்பா நெனைக்காதீங்க பூபாலன். நீங்க நல்லவருன்னு எனக்குத் தெரியும். ஆனா கை தானா கட்டையை எடுத்துடுது" என்றார். குடியிருப்புச் சங்கச் செயலாளர் நரசிம்மன் வேறு ரகம். அணு ஆராய்ச்சி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். உலகப் படமெல்லாம் பார்ப்பவர். பூபாலனை நிற்க வைத்து நீண்ட நேரம் விளக்கினார். "அந்த முள் வரிசை இருக்கே, அது கல்லறை, பூபாலன். இந்தச் சமூகத்தோட கல்லறை." பூபாலனுக்குப் புரியவில்லை, ஆனால் ரொம்பப் பிடித்துப்போயிற்று. அன்றைக்கே செங்கல்வராயனிடம் போய், "முள்ள நா சும்மா அடுக்கல மச்சான். அது கல்லறை" என்று சொந்தச் சரக்காக எடுத்துவிட்டார்.

யார் என்ன சொன்னாலும் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அமிர்தவல்லியிடம் ஒப்பிப்பது வழக்கமாயிற்று. அமிர்தவல்லி அவர் மனைவி. மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் படுக்கை விரிப்புகள் துவைக்கிற பகுதியில் வேலை. சட்டையைக் கழற்றியதிலிருந்து பூபாலன் சொல்ல ஆரம்பிப்பார். தட்டு முன்னால் வந்ததும் பேச்சு நின்றுவிடும். அமிர்தவல்லி கரண்டியோடு பக்கத்தில் நிற்பார்.

ஊரே மெச்சினாலும் திட்டினாலும், பூபாலனுக்கு வேண்டியிருந்தது அந்த ஒருவருடைய வார்த்தைதான். அமிர்தவல்லியோ படத்தைப் பார்க்கவே இல்லை. "ஒரு தபா வந்து பாரேன்மே. நாந்தான ஹீரோ" என்று கெஞ்சினால், "லீவு கெடைக்கட்டும்" என்பார். கல்யாணமான நாள் முதல், மனைவி முன்னால் மார்தட்டிக்கொள்ள ஒன்றும் வாய்க்காத மனுஷன். இப்போது வாய்த்திருக்கிறது. கட்டினவளே பார்க்கவில்லை என்றால் மனசு கிடந்து அடித்துக்கொள்ளாதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பின் கூட்ட அரங்கில் சுஷ்மிதா அந்தப் படத்தைத் திரையிட்டார். அமிர்தவல்லி பச்சைப் புடவை கட்டிக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். பூபாலன் திரையைப் பார்க்கவே இல்லை. பக்கவாட்டில் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சாப்பாட்டுக் காட்சி வந்ததும் பின்னால் ஒருவர் "போதும்பா" என்று எழுந்து போனார். கல்யாணி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டார். அமிர்தவல்லி கண்ணைக்கூட எடுக்கவில்லை.

விளக்கைப் போட்டதும் ஆளாளுக்குப் பேசினார்கள். நரசிம்மன் கல்லறையைப் பற்றி மறுபடி சொன்னார். சுஷ்மிதா மைக்கை அமிர்தவல்லியிடம் கொண்டுவந்தார். "அக்கா, நீங்க சொல்லுங்க. அண்ணா எப்படி நடிச்சிருக்காரு?"

பூபாலன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"எங்க நடிச்சிது?" என்றார் அமிர்தவல்லி. "வூட்ல அது அப்டித்தான் துன்னும்."

அரங்கமே கொல்லென்று சிரித்தது. நரசிம்மனுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பூபாலனும் சிரித்தார், எல்லாரையும்விடச் சத்தமாக. அமிர்தவல்லி மட்டும் சிரிக்காமல் மைக்கைப் பத்திரமாக சுஷ்மிதா கையில் திருப்பிக் கொடுத்தார்.

ஸ்கூட்டர் திருப்போரூர் தாண்டியது. அதற்குமேல் பூபாலனுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாமே, அத்தினி பேரு எதிர்ல அப்டி சொல்ட்ட."

"பொய்யா சொன்னேன்? அந்தப் பொம்பள உள்ள தட்டிகினே கீறா, அந்தாளுக்குக் காதுல வுழல. போன மாசம் கொழம்புச் சட்டி கைல பட்டு நா 'ஐயோ'ன்னு கத்துனேன். நீ பக்கத்துலதான் குந்தி துன்னுகினு இர்ந்த. இன்னா சொன்ன தெரியுமா?"

"இன்னா சொன்னேன்?"

"'ரசம் எட்தா'ன்ன."

பூபாலனுக்கு அப்படி ஒரு நாளே நினைவில் இல்லை. வண்டியை ஓரங்கட்டி இறங்கி, மனைவியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். முழங்கைக்குக் கீழே விரல் நீளத்துக்குத் தோல் வெளுத்திருந்தது. ஒரு மாதமாக அந்தக் கைதான் அவருக்குச் சோறு போட்டிருக்கிறது.

"வலிக்குதாமே?"

"இப்ப கேளு. அது ஆறி எத்தினி நாளாவுது."

அமிர்தவல்லி கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. கடையில் வெங்காயம் என்ன விலை என்று சொல்கிற குரலில் சொன்னார். ஊரெல்லாம் அவரைப் பார்த்துப் பயந்தபோது சந்தோஷமாக இருந்தவருக்கு, இப்போது தன்னைப் பார்த்தே பயம் வந்தது.

"நானும் அந்தாளு மாரிதானாமே?"

"நீ கதவு சாத்துற ஆளில்ல. அது எனுக்குத் தெரியும். வண்டிய எடு, இருட்டுது."

அந்தப் பதிலில் ஆறுதல் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. மறுநாளிலிருந்து மோட்டார் அறையில் பூபாலனுக்குச் சோறு இறங்க மறுத்தது. தலையை நிமிர்த்தி, நாலு பக்கமும் பார்த்துக்கொண்டே சாப்பிடப் பழகினார். யாராவது கூப்பிடுகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டதில், முள் தொண்டையில் சிக்கி, காவலாளி முதுகில் குத்தி, வாழைப்பழத்தை விழுங்க வைத்து, பெரிய பேஜாராகிவிட்டது. பாத்திரத்திலிருந்து வெளியே வர முடியாமல் தவிக்கிற உன்னதக் கலைஞன் என்று நரசிம்மன் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். கல்யாணி அதற்கு ஒரு கும்பிடு போட்டார். செங்கல்வராயனுக்கே மனசு கேட்காமல், டீயில் சர்க்கரை போட்டுக் கொடுத்தார். "பின்னிட்டீங்கண்ணே படத்துல" என்று யாராவது கை கொடுத்தால், "அட வுடுப்பா" என்று நழுவிவிடுவார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை. அமிர்தவல்லி கல்லைக் காயவைத்து மாவை ஊற்றினார். சமையலறைத் தரையில் தட்டோடு உட்கார்ந்திருந்த பூபாலனுக்கு முதல் தோசை விழுந்தது. அதை அவர் தொடவில்லை. எழுந்து நின்றார்.

"இன்னாய்யா, ஒடம்பு சரியில்லியா?"

"நீ குந்து."

"எதுக்கு?"

"குந்துன்றேன் இல்ல."

தோசைக் கரண்டியை வாங்கிக்கொண்டு, மனைவியின் தோளைப் பிடித்துத் தன் இடத்தில் உட்கார வைத்தார். உட்கார்ந்த அமிர்தவல்லி ஒரு முழங்காலைக் குத்துக்காலாக வைத்து, ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டார். எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடலாம் என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். பூபாலன் ஊற்றிய தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டது. சுரண்டி எடுத்தார். அடுத்தது ஓரம் கருகி நடுவில் பச்சை மாவாக வந்தது.

"அடுப்ப கொறை."

"கொறச்சிட்டேன்."

"எண்ண வுடு. தா, நானே சுடறேன்" என்று அமிர்தவல்லி பாதி எழுந்தார்.

"நீ துன்னு சொல்றேன்."

அதற்கடுத்தது எப்படியோ முழுசாக, முறுகலாக எழும்பி வந்தது. அதை மனைவியின் தட்டில் போட்டு, பக்கத்தில் சட்னியை ஊற்றினார். நெற்றி வியர்வை மூக்கு நுனி வரை வந்திருந்தது. எப்படி இருக்கிறது என்று வாயைத் திறந்து கேட்கவில்லை. அடுத்த மாவை ஊற்றத் திரும்பிவிட்டார். அமிர்தவல்லி தோசையைப் பார்த்தார். அடுப்படியில் நிற்கிற மனுஷனைப் பார்த்தார். ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டு மென்றார். அப்புறம் தரையில் ஊன்றியிருந்த கையை எடுத்து, சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு கால்களையும் நீளமாக நீட்டிப் போட்டு, தட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். சின்னச் சமையலறை, கால்கள் குறுக்கே ஏறக்குறைய அந்தக் கோடி வரை வந்துவிட்டன. அடுத்த தோசையைக் கரண்டியில் ஏந்திய பூபாலன், அந்தக் கால்களைத் தாண்டாமல், வயிற்றை எக்கிக்கொண்டு, எதிர்ச்சுவரோடு ஒட்டி ஒட்டிச் சுற்றி வந்தார்.