பின் கேட்டுக்கு அப்பால் நான் போடாத ரோடு

இது நடந்தது. எனக்கு நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் குணாவின் அந்த லைவைப் பார்த்தவர்கள் தெருவுக்கு ஒருத்தராவது இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். ஆனால் அவர்களுக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அந்த மேப்பைக் கட்டியவள் நான்.

என் பெயர் பூமிகா. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டுகிற கேம் ஒன்று உண்டு. ஸ்டாப், சிக்னல், ஏறி இறங்கும் பயணிகள் எல்லாம் நிஜம் மாதிரியே இருக்கும். அந்த கேமுக்குள் நிஜமான ஊர்களைக் கட்டுவதுதான் என் பைத்தியம். சாட்டிலைட் படத்தின் மேல் ரோட்டை வரைவேன். நேரில் போய் சுவர், கடை, கரண்ட் கம்பம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வந்து ஒட்டுவேன். கண்ணால் பார்க்காததைப் போட மாட்டேன். நான் பார்த்த இடத்தோடு மேப் முடிந்துவிடும். அதையும் தாண்டி ஓட்டினால் வெறும் சாம்பல் நிறம்தான். பஸ் அப்படியே கீழே விழும்.

என் அப்பா அப்பாவு, கம்பெனி பஸ் டிரைவர். காண்ட்ராக்டர் குப்புராஜிடம் வேலை. என் வயதைவிட அவருடைய சர்வீஸ் அதிகம். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில், ஒரு கம்பெனியின் பின் கேட் எதிரே ஸ்டாப்பில் நின்றிருந்த மேரி என்ற காண்ட்ராக்ட் தொழிலாளி மேல் பஸ் ஏறியது. அந்த இடத்திலேயே மரணம். ஓட்டியவர் அப்பாவு. இது கேஸ் கட்டில் உள்ள கதை.

ஓட்டியது குப்புராஜின் பிள்ளை குணா. லைசென்ஸ் கிடையாது. ரீல்ஸ் எடுக்க வண்டியை எடுத்தவன். அப்பா அப்போது டீக்கடையில் இருந்தார். குப்புராஜ் வந்து தோளில் கை போட்டார். அப்பா தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

"ஏன் நைனா ஒத்துக்கினே?"

"அவரு இல்லன்னா நீ படிச்சிருப்பியா?"

"நான் படிச்சதுக்கு நீ உள்ள போவணுமா? அவரு புள்ள ஏசி போட்டுக்கினு கேம் ஆடுவான், நீ களி துன்னுவியா?"

"வாய மூடுமா. என் தலையெழுத்து."

தலையெழுத்தாம்! பொன்னேரி கோர்ட்டில் தீர்ப்புக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

குணா கேம் ஆடினான் என்று நான் சும்மா சொல்லவில்லை. அவனுக்கு ஒரு சேனல் இருந்தது. அதில் அவன் ஓட்டியது பஸ். ஒரு பொம்பளையைக் கொன்ற கையால் தினமும் சிரித்துக்கொண்டே பஸ் ஓட்டினான். ஒரு நாள் லைவில் கேட்டான்: "நம்ம ஊரு மேப்பு யாராச்சும் போடுங்கப்பா!"

போடறேன்டா என்று நினைத்தேன். ஆரம்பாக்கத்திலிருந்து சிப்காட் பின் கேட் வரை. அந்த ஸ்டாப்பில், மேரி மாதிரியே கம்பெனியின் நீலக் கோட்டு போட்ட ஒரு பொம்பளையை நிறுத்துவேன். லைவில் அத்தனை பேர் பார்க்க அவன் மூஞ்சி வெளுக்க வேண்டும்.

போட்டோ எடுக்க நடுப்பகலில் போனேன். பின் கேட் சுவர் ஓரத்தில் ஒருவர் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். மேரியின் வீட்டுக்காரர் மோசஸ். பக்கத்துக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர்.

"இன்னாமா போட்டா புடிச்சிக்கினு கீற?"

சொன்னேன். யார் மகள் என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் தீப்பெட்டியையே உருட்டிக்கொண்டிருந்தார்.

"அவள பொம்மையாட்டம் நிக்க வெப்பியா? நாலு பேரு பாத்து சிரிக்கவா?"

"சிரிக்க இல்லண்ணா. அவன் அழணும்."

"வாணாம்மா. அவளே பாத்துக்குவா."

அந்த வார்த்தையை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நானும் அவளை வைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கேட்டுக்கு உள்ளே எட்டிப் பார்க்க வாட்ச்மேன் விடவில்லை. சாட்டிலைட் படத்திலும் தகரக் கூரைதான் தெரிந்தது. அதனால் மேப்பை மூடின கேட்டோடு முடித்தேன்.

சனிக்கிழமை மதியம் 2.10. முதல் சோதனை ஓட்டம். வெளியே பட்டப்பகல், பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. கேமுக்குள் நான் வைத்திருந்தது ராத்திரி, மழை. வழியெல்லாம் நன்றாக இருந்தது. நெல் வயல், ரயில்வே கேட், டீக்கடை... பின் கேட் ஸ்டாப்.

யாரோ நின்றிருந்தார்கள்.

அந்த ஸ்டாப்பில் நான் ஆளே வைக்கவில்லை. கேமே தானாக வைத்திருக்கும் என்று நினைத்தேன். ஆனால் கேமில் இருக்கும் பயணிகள் அத்தனை பேரையும் எனக்குத் தெரியும். இது அவர்களில் ஒருத்தி இல்லை. நீலக் கோட்டு. தலையில் இரண்டு முனைகள்... கொம்பு மாதிரி.

இன்னொன்றும் தப்பாக இருந்தது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் ரோட்டைப் பார்ப்பார்கள். அவள் ரோட்டுக்கு முதுகைக் காட்டி, கேட்டைப் பார்த்து நின்றாள்.

கேமை மூடி, மேப்பைத் திறந்து தேடினேன். ஸ்டாப் காலி. மறுபடி ஓட்டினேன்.

நின்றிருந்தாள்.

நான் எந்தப் பட்டனும் அழுத்தவில்லை. கதவு திறந்தது. புஸ்ஸ்ஸ்...

டிங்.

பயணிகள்: 1.

உள் கண்ணாடியில் பார்த்தேன். டிரைவருக்கு நேர் பின்சீட். குனிந்த தலை. இரண்டு முனைகள். சொட்... சொட்... சொட்... தண்ணீர் சொட்டும் சத்தம். அந்த கேமில் அப்படி ஒரு சத்தமே கிடையாது.

பக்கத்து வீட்டு மிக்ஸி நின்றது.

ஃபேன் நின்றது. கரண்ட் போய்விட்டது.

மானிட்டர் அணையவில்லை.

தலை மெதுவாக நிமிர்ந்தது...

பிளக்கைப் பிடுங்கினேன். திரை இருண்டது. செத்துப்போன ஸ்பீக்கரிலிருந்து மறுபடி...

டிங்.

வாசலுக்கு ஓடி வந்து, வெயிலில் நின்றுதான் மோசஸ் அண்ணனுக்குப் போன் போட்டேன். திரையில் பார்த்ததைச் சொன்னேன்.

"அண்ணா... அக்கா தலையில ரெண்டு கொம்பு மாதிரி... இன்னாண்ணா அது?"



"எங்க பாப்பாவோட மழைக்கோட்டுமா. மொசலு காது வெச்சது. அன்னிக்கு மழைன்னு தலையில மாட்டிக்கினு போனா. அவள எடுக்கும்போது அது இல்ல. நான் யாருகிட்டயும் சொல்லல. உனக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை.

மேப்பை நான் யாருக்கும் அனுப்பவில்லை. இணையத்தில் ஏற்றவும் இல்லை. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பிடுங்கின பிளக்கை மறுபடி சொருகவே இல்லை.

மறுநாள் ஞாயிறு. சாயங்காலம் 6.40. என் போனில் குணாவின் லைவ் வந்தது. தலைப்பு: 'நம்ம ஊரு மேப்பு'.

திறந்தேன். என் ரயில்வே கேட். என் டீக்கடை. நான் ஒட்டிய சுவர்.

"யாரு தலைவா அனுப்புனது? செம்மையா கீது! டேய், டீக்கடை பாருடா, அப்படியே கீது!"

சிரித்தான். ஆரன் அடித்தான். நான் திரும்பி என் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். பிளக் தரையில்தான் கிடந்தது.

அவனும் பின் கேட்டுக்கு வந்தான். அங்கே அவள் நின்றிருந்தாள். குணாவின் சிரிப்பு பாதியில் அறுந்தது. நிற்காமல் போகப் பார்த்தான். பஸ் தானாக நின்றது.

புஸ்ஸ்ஸ்...

டிங்.

"நெட்டு லேகு ஆவுது மச்சான்... ஒண்ணும் இல்ல... லேகு..."

மூடி வைத்த என் கேட் திறந்தது. பஸ் உள்ளே நகர்ந்தது. இப்போது சாம்பல் வரும், வண்டி விழும் என்று காத்திருந்தேன்.

சாம்பல் வரவில்லை.

ரோடு வந்தது. நனைந்த சிமென்ட் ரோடு. இடது பக்கம் நீல டிரம்கள். அப்புறம் லாரி எடை போடும் மேடை. அதற்குப் பின்னால் ஒரு தகர ஷெட். எதையும் நான் பார்த்ததில்லை. எதையும் நான் போடவில்லை.

"இது யாரு போட்டது... பிரேக்கு புடிக்கல... டேய், பிரேக்கு புடிக்கல!"

இரண்டு கையையும் கேம் ஸ்டியரிங்கிலிருந்து தூக்கிவிட்டான். எல்லோரும் பார்த்தார்கள். பஸ் தானாகத் திரும்பியது. பின்னால் போனது.

பீப்... பீப்... பீப்...

டொப்.

குணா தன் நாற்காலிக்குப் பின்னால் திரும்பினான். அங்கே சுவர்தான் இருந்தது. சுவரைப் பார்த்துப் பேசினான்.

"பாக்கலக்கா... சத்தியமா ரிவர்ஸ்ல பாக்கலக்கா..."

யாரும் எதுவும் கேட்கவில்லை. அவன் பதில் சொல்லிக்கொண்டே இருந்தான்.

"மூச்சு இருந்துச்சுன்னு சொன்னேன்க்கா... நைனாதான்... கம்பெனி உள்ள வாணாம், வெளிய ரோட்ல போட்டுடலாம்னு... நைனாதான்க்கா!"

ஷெட் முன்னால் பஸ்ஸின் கதவு திறந்தது.

பயணிகள்: 0.

7.04. லைவ் அறுந்தது.

அன்று ராத்திரியே அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. குணாவைப் போலீஸ் கூட்டிப் போனது. அவன் எதையும் மறைக்கவில்லை, கேட்காததையும் சேர்த்துச் சொன்னான். அப்பாவின் தீர்ப்பு நின்றது. அப்புறம் கேஸே மாறியது. ஆறு மாதம் கழித்து அப்பா கோர்ட்டிலிருந்து விடுதலையாகி வீட்டுக்கு வந்தார். சோற்றைப் பிசைந்தபடி, "பாவம்மா அந்தப் பையன்" என்றார். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

என் கம்ப்யூட்டரை போலீஸ் எடுத்துப் போய்ப் பார்த்தது. மேப் கேட்டோடு முடிந்திருந்தது. குணாவின் கம்ப்யூட்டரில் அந்த மேப்பே இல்லை.

குப்புராஜைப் பற்றி எங்களுக்குத் திங்கட்கிழமை காலையில்தான் தெரிந்தது. ஞாயிறு சாயங்காலம் ஏதோ கணக்கு பார்க்க அந்தக் கம்பெனிக்குள் போயிருக்கிறார். லீவு நாள். உள்ளே ஒரு வண்டியும் இல்லை. அவருடைய பஸ் எல்லாம் சோழவரத்தில் நின்றிருந்தது. ஏழு மணி சுமாருக்கு ரிவர்ஸ் போகிற பீப் சத்தம் கேட்டதாக முன் கேட்டில் இருந்த வாட்ச்மேன் சொன்னார். எழுந்து போய்ப் பார்க்கவில்லையாம்.

காலையில் அவரை எடுத்தபோது சட்டையின் முதுகில் அகலமான டயர் தடம் இருந்தது. ஷெட்டிலிருந்து பின் கேட் வரை தரையைக் கையால் பிறாண்டி ஊர்ந்து வந்திருக்கிறார். கேட் பூட்டியிருந்தது.

விடியற்காலை வரை மூச்சு இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார்.