முதுகுத்தண்டுக்கு ஒரு டாக்டர் தேடிய கதை

எக்ஸ்ரே எடுப்பவளுக்கு எல்லோருடைய உள்விவகாரமும் தெரியும், ஆனால் ஒன்றையும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது; அதுதான் எங்கள் தொழில். படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்ல ஒரு டாக்டர், அதற்கு என்ன செய்வது என்று சொல்ல இன்னொரு டாக்டர். தஞ்சாவூரில் எங்கள் ஸ்கேன் சென்டருக்கு வருகிற ஒருவர்கூட இதை ஒப்புக்கொண்டதில்லை. படம் எடுத்து முடிப்பதற்குள், "என்னம்மா தெரியுது? எந்த டாக்டர்ட்ட போலாம்?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். தெரிந்ததைத் தெரியாத மாதிரி விழித்துக்கொண்டு கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் சக பாவிகளே, இது உங்களுக்காகத்தான்.

நேரா நில்லு

வேதாரண்யம் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து செல்வி அக்கா தன் மகள் கயலைக் கூட்டிவந்திருந்தார். அக்கா மீன் வியாபாரம் செய்கிறவர். கயல் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடச் சுடிதார் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று அக்கா தையல்காரரிடம் சண்டைக்குப் போக, அவர் அளவெடுத்துப் பார்த்துவிட்டு, துணியில் கோளாறு இல்லை, பிள்ளையின் தோளைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டாராம்.

முழு முதுகையும் நின்றபடி படம் எடுக்க வேண்டும். கயலை நிறுத்திவிட்டு நான் நகர்வதற்குள் வாசலிலிருந்து அக்காவின் ஏலக்குரல்: "நேரா நில்லுடி!" வீட்டிலும் ஒரு வருஷமாக இதே பாட்டுதானாம். கூன் போடுகிறாள் என்று முதுகில் நாலு சாத்தும் சாத்தியிருக்கிறார். திரையில் படம் வந்தது. முதுகுத்தண்டு வாய்க்கால் மாதிரி இந்தப் பக்கம் ஒரு வளைவு, அந்தப் பக்கம் ஒரு வளைவு. அக்கா கிட்டே வந்து எட்டிப் பார்த்தார். கயல்தான் சிரித்தாள்.

"அக்கா, இதுல இன்னொரு காப்பி போட்டுக் குடுங்க. நான் நேராத்தான் நின்னேன்னு எங்க வீட்டு வாசல்ல ஒட்டணும்."

பத்தொன்பது எழுத்து

படத்தைப் பார்த்த எலும்பு டாக்டர், பெல்ட் போடும் கட்டம் தாண்டிவிட்டது, முதுகுத்தண்டு ஆபரேஷன் செய்கிறவரைப் பாருங்கள் என்றார். வளர்கிற பிள்ளை, தள்ளிப்போட்டால் வளைவும் சேர்ந்து வளரும் என்றும் சொல்லி அனுப்பினார். யாரைப் பார்ப்பது? அடுத்த வாரம் ரிப்போர்ட் வாங்க ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கி, எங்கள் ஹாலிலேயே கூட்டம் போட்டார்கள். கும்பல் இருக்கிற டாக்டர் என்றார் மாமா. கைராசிக்காரர் என்றார் சித்தி. தன் மகளுக்குப் பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியை விட்டு அத்தை நகரவே இல்லை. போர்டில் படிப்பு நீளமாகப் போட்டிருப்பவர்தான் சரி என்று பெரியப்பா தீர்ப்புச் சொன்னார்.

முதுகுவலிக்குப் படம் எடுக்கக் காத்திருந்த முத்துப்பேட்டை ஜவுளிக்கடை பாய்க்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"நான் பாக்குறவருக்குப் பேருக்குப் பின்னாடி பத்தொன்பது எழுத்துங்க. உக்காந்து எண்ணிட்டேன், அவ்வளவு நேரம் காக்க வைக்கிறாரு."

மூன்று பொட்டலம்

ஐந்து மாதம் ஓடிவிட்டது. கயல் மறுபடி படம் எடுக்க வந்தாள். அதற்குள் வீட்டில் மூன்று டாக்டர்களின் பேரை எழுதி, பூவோடு சேர்த்து இலையில் மடித்து, கோயிலில் சாமி காலடியில் வைத்து, கயலை விட்டே ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வந்த பேரை நம்பிக் கார் பிடித்துத் திருச்சிக்குப் போனால், அவர் முட்டி ஆபரேஷன் மட்டுமே செய்கிறவர். பெரியப்பாவின் முட்டியைச் சரிசெய்தவர் என்பதால் பட்டியலில் இடம்பிடித்திருக்கிறார்.

பழைய படத்தையும் புதிய படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வளைவு கூடியிருப்பது அப்பட்டமாகத் தெரிகிறது, நான் சொல்லக் கூடாது. சொல்ல முடியாத ஆத்திரத்தை எல்லாம் சேர்த்து, "முட்டி டாக்டர் பேரை யாருக்கா உள்ள வச்சது?" என்று கத்திவிட்டேன். செல்வி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சாமி சரியாத்தாம்மா எடுத்துக் குடுத்துச்சு. நாங்கதான் பொட்டலத்துல தப்பான பேரை வச்சுட்டோம்."

மெக்கானிக்

கடலில் காற்று பலமாக இருந்ததால் அன்று கயலின் அப்பா முருகையனும் வந்திருந்தார். சொந்தப் படகு வைத்திருப்பவர், பேச்சு குறைவு. யாரிடம் போகலாம் என்று அவரும் கேட்டார். நான் யார் பேரையும் சொல்லவில்லை. "அண்ணே, உங்க படகு இன்ஜினைப் பிரிக்கணும்னா பூக்கட்டியா பாப்பீங்க?" என்றேன். மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். மெக்கானிக் இதே மாதிரி இன்ஜின் எத்தனை பிரித்திருக்கிறான், அவனே செய்வானா கூட இருக்கிற ஆளை விடுவானா, அவன் கையில் எது கெட்டுப்போச்சு, கெட்டபோது என்ன பண்ணினான் என்று கடகடவென்று அடுக்கினார். அதையே டாக்டரிடம் கேளுங்கள் என்று, கேள்விகளை எக்ஸ்ரே கவரின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

முதுகுத்தண்டு ஆபரேஷன் மட்டும் செய்கிற இரண்டு பேரைத் தேடிப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார். முதல் டாக்டர் கவரைத் தொடவே இல்லையாம். நான் செய்து ஒன்றுகூடத் தவறியதில்லை, நம்பிக்கை இருந்தால் வாருங்கள் என்றிருக்கிறார். இரண்டாமவர் ஒரு அம்மா. ஒவ்வொரு கேள்வியாகப் படித்துப் பதில் சொல்லியிருக்கிறார். ஆபரேஷன் நடக்கும்போதே கால் நரம்பைக் கண்காணிக்கத் தனி ஆள் உண்டு என்றிருக்கிறார். ஒரு பிள்ளைக்குக் கால் மரத்துப்போய்த் தேற ரொம்ப நாளானதையும் மறைக்கவில்லை. இன்னொருவரையும் கேட்டுவிட்டு வாருங்கள் என்று அவரே சொன்னாராம். அதைக் கேட்டுச் செல்வி அக்கா பயந்து முதல் டாக்டரே போதும் என்று அழ, முருகையன் அசையவில்லை. ஏன் என்று என்னிடம் சொன்னார்.

"எதுவுமே கெட்டதில்லைன்னு சொல்ற மெக்கானிக்கை நம்பி நான் ஒருநாளும் கடலுக்குப் போனதில்ல, தங்கச்சி."

மறுபடியும் அதே குரல்

அந்த அம்மாவிடம் ஆபரேஷன் நடந்த அன்று நான் எடுத்த படங்களில் பாதியை இரண்டு முறை எடுக்க வேண்டியிருந்தது, கவனம் முழுக்க போனில். சாயங்காலம் முருகையன் அழைத்தார். கயல் இரண்டு கால்களின் விரல்களையும் ஆட்டினாளாம்.

மூன்று மாதம் கழித்து அவளே நடந்து வந்தாள், அம்மாவைவிட ஒரு விரற்கடை உயரமாக. முன்பக்கப் படம் எடுத்தேன். இரண்டு கம்பி, வரிசையாகத் திருகாணி, நடுவே முதுகுத்தண்டு. லேசாக ஒரு வளைவு மிச்சம், அவ்வளவுதான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏசி காற்று என்று சமாளித்துக்கொண்டு, பக்கவாட்டுப் படத்துக்காக அவளைத் திருப்பி நிறுத்தினேன். வாசலிலிருந்து அதே ஏலக்குரல்: "நேரா நில்..." பாதியில் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு வருஷத்து அடியும் திட்டும் ஞாபகம் வந்திருக்க வேண்டும், கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. கயல் உடம்பைத் திருப்பாமலே குரல் கொடுத்தாள்.

"சொல்லும்மா. இப்பச் சொன்னா என்னால முடியும்."

எந்த டாக்டரிடம் போகலாம் என்று இன்றைக்கும் என்னைக் கேட்கிறார்கள், நானும் தொழில் தர்மப்படி வாயைத் திறப்பதில்லை. போகும்போது படகு வைத்திருக்கிற யாரையாவது துணைக்குக் கூட்டிப் போங்கள் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.