முட்டை வண்டியைப் பிடித்தால் வலிக்காது

புதுச்சத்திரத்துக்கு மேற்கே இருக்கும் கோழிப்பண்ணையில் தெய்வநாயகி நடப்பதைப் பார்த்தவர்களிடம் அவளுக்கு நோவு என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கவும்தான் செய்தார்கள். நீளமான ஷெட், இரண்டு பக்கமும் கூண்டு வரிசை, நடுவில் தள்ளுவண்டி. முட்டைகளைப் பொறுக்கி அட்டையில் அடுக்குவாள். பிறகு வண்டியின் கைப்பிடி மேல் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, முன்னால் சாய்ந்து தள்ளிக்கொண்டு போவாள். கோழிகள் ஒரு பக்கம் கத்தும். அவள் பாட்டுக்கு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு விறுவிறுவென்று நடப்பாள். வயசுப் பெண்கள்கூட அவளுக்குப் பின்னால்தான் வருவார்கள்.

வண்டியை விட்டுவிட்டுப் பண்ணைக் கேட்டைத் தாண்டியதும் அவள் வேறு ஆளாகிவிடுவாள். தார் ரோட்டில் கொஞ்ச தூரம் நடப்பதற்குள் இடுப்பில் ஒரு கனம் வந்து உட்காரும். அது பின்தொடை வழியாக இறங்கி, கெண்டைக்காலில் மிளகாய் அரைத்துப் பூசினதுபோல எரியும். கால் இரண்டும் தன்னுடையதா என்றே சந்தேகம் வரும். வாய்க்கால் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து முன்னால் குனிந்தால் எரிச்சல் மெல்ல வடியும். எழுந்து நடந்தால் திரும்பவும் பிடித்துக்கொள்ளும். பாலம் எதுவும் இல்லாத இடத்தில், செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்து நிற்பாள். போகிற வருகிறவர்கள் பார்க்கிறார்களே என்ற வெட்கம்தான், வேறென்ன.

அவள் புருஷன் தண்டாயுதபாணி அதே பண்ணைக்குத் தீவன லாரி ஓட்டுகிறவர். குடி கிடையாது, கை நீட்டுகிற பழக்கம் கிடையாது. ஆனால் கண்ணால் பார்த்ததை மட்டும்தான் நம்புவேன் என்பதில் அப்படி ஒரு பெருமை அவருக்கு. மூட்டை இறக்கும்போது ஷெட்டுக்குள் எட்டிப் பார்ப்பார். பெண்டாட்டி ஓட்டமாய் நடப்பாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அதே பெண்டாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எந்த மனுஷனுக்கும் சந்தேகம் வரும் என்பார் அவர். சந்தேகம் வந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் இல்லையா? அதுதான் நடக்கவில்லை.

மாரியம்மன் நோம்பிக்கு மாவிளக்கு எடுக்கிற அன்று விஷயம் முற்றிப்போனது. தட்டில் மாவிளக்கை ஏற்றிக் கையில் ஏந்தி, மேளத்தோடு நிமிர்ந்து நடந்து கோவிலுக்குப் போக வேண்டும்.

"ஏனுங்க, நான் வண்டியில வந்து கோயில்கிட்ட எறங்கிக்கட்டுங்களா?" என்று காலையிலேயே கேட்டாள்.

"ஊரே நடக்குது. நீ மட்டும் வண்டியில வாரேன்னா நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்றார் தண்டாயுதபாணி.

நடந்தாள். பாதி வழியில் எரிச்சல் பிடித்துக்கொண்டது. தட்டு சாய்ந்தது. விளக்கு அணைந்தது. தெருவோரம் யார் வீட்டு வாசலிலோ தட்டை வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்துவிட்டாள். மேளம் அவளைத் தாண்டிப் போனது. சாமிக்கு எடுத்த விளக்கைத் தரையில் வைத்தாளே என்று பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை தீவனம் இறக்கப் போன தண்டாயுதபாணி ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டார். அட்டைகளை ஆளுயரத்துக்கு அடுக்கிய வண்டியைத் தெய்வநாயகி தள்ளிக்கொண்டு வந்தாள். முகத்தில் வலி இல்லை. புருஷனைப் பார்த்ததும்தான் முகம் செத்தது.

"கோழிக்கு நடக்கற காலு சாமிக்கு நடக்காதாக்கும்" என்றார். சொல்லிவிட்டு மூட்டை இறக்கப் போய்விட்டார். கூட இருந்த பெண்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அன்றைக்கே ஊர் முழுக்க அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்தது.

அவளுக்கே அது புரியவில்லை. இதுதான் கொடுமை. வண்டியைப் பிடித்தால் வலி இல்லை, விட்டால் வலி. அப்படி ஒரு நோவு உலகத்தில் உண்டா? மனசுதான் கெட்டுப்போனதோ, வீட்டு வேலைக்குச் சோம்பிக் கிடக்கத் தனக்கே தெரியாமல் நடிக்கிறோமோ என்று அடுப்படியில் நின்று யோசிப்பாள். வலி இல்லாத இடம் பண்ணை ஒன்றுதான் என்று ஆனபிறகு, ஞாயிற்றுக்கிழமையும் அங்கேயே போக ஆரம்பித்தாள். அடுத்த ஷெட்டுக்கு ஆள் வரவில்லை என்றால் அதையும் பார்த்தாள். ஊருக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

தண்டாயுதபாணி சும்மாவும் இருக்கவில்லை. மருந்துக்கடையில் சொல்லி இடுப்புக்கு ஒரு பெல்ட் வாங்கி வந்து, நிமிர்ந்து நடந்தால் சரியாகிவிடும் என்று இறுக்கிக் கட்டிவிட்டார். பாழாய்ப்போன பெல்ட் அவளைக் கம்பிபோல் நிமிர்த்தியது. கால் முன்னைவிடப் பற்றிக்கொண்டது. அவிழ்த்துப் போட்டாள். வாங்கிக் கொடுத்தாலும் போடமாட்டேன் என்கிறவளிடம் என்ன பேசுவது என்று அவர் பேச்சையே குறைத்துக்கொண்டார்.

நோம்பி முடிந்து வெயில் ஏறிய நாட்களில் வலது காலில் செருப்பு கழன்று விழுந்தது. அது தெரியாமலே அவள் வீடு வரைக்கும் வந்துவிட்டாள். உள்ளங்காலில் முள் ஏறி ரத்தம் வந்திருந்தது, வலிக்கவில்லை. அப்புறம் உட்காருகிற இடம் மரத்துப்போனது. அப்புறம் ஒருநாள் முட்டை அடுக்கிக்கொண்டு இருந்தவள் சேலை ஈரமாக இருப்பதைக் கவனித்தாள். எப்போது நனைந்தது என்று தெரியவில்லை.

இதை யாரிடம் சொல்வாள்? கால் வலி என்று சொன்னதையே நம்பாதவர்களிடம் இதைப் போய்ச் சொல்ல முடியுமா? பழைய சேலையைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டாள். துணிகளை விடியுமுன் துவைத்து மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் காயப்போட்டாள். பண்ணையில் கோழி எச்ச நாற்றத்தில் தன்மேல் அடிக்கும் வாடை தெரியாது என்பது அவளுக்கு ஒரு நிம்மதியாக இருந்தது. அப்படிப்பட்ட நிம்மதி.

ஆடிக்கு மகள் தனப்பிரியா பள்ளிபாளையத்திலிருந்து வந்தாள். கொட்டகைப் பக்கம் போனவள் கொடியில் கிடந்த துணிகளைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் வந்து நின்றாள்.

"இது என்னம்மா?"

தெய்வநாயகி வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்ததும் அழுதுவிட்டாள். அடுத்த நாளே சேலத்தில் நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். தண்டாயுதபாணியும் வந்தார். மகள் கோபப்பட்டதால் வந்தார்.

டாக்டர் நடுவயசுப் பெண். ஸ்கேன் படத்தைப் பார்த்தபடியே கேட்டார். "ஏங்கம்மா, தள்ளுவண்டி மாதிரி எதையாவது புடிச்சு, குனிஞ்சு தள்ளிக்கிட்டு நடந்தா வலி கம்மியாகுதுங்களா?"

இங்கேயும் யாரோ சொல்லிவிட்டார்கள் என்று தெய்வநாயகி நினைத்தாள். அந்த வண்டிதானே அவளைப் பொய்க்காரி ஆக்கியது. ஆமாம் என்றால் இந்த டாக்டரும் படத்தை மூடிவைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

"இல்லீங்க. எப்பவும் வலிதானுங்க" என்றாள். அதுவரை ஒரு பொய்யும் சொல்லாதவள், சொல்லக்கூடாத இடத்தில் சொன்னாள்.

தண்டாயுதபாணிக்குப் பொறுக்கவில்லை. "பொய் சொல்றாளுங்க. முட்டை வண்டியப் புடிச்சான்னா ஓட்டமா நடப்பா. என்ற கண்ணால பாத்தனுங்க. வண்டிய உட்டா நாலடி நடக்கமாட்டா. மாவிளக்க ரோட்டுல வெச்சுட்டு உக்காந்துட்டா. கேளுங்க அவளை."

"அதுதானுங்க நோவு" என்றார் டாக்டர்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டினார். முதுகெலும்புக்குள்ளே நரம்புகள் இறங்கிப் போகிற பாதை இது. வயசாக ஆக எலும்பும் சவ்வும் தடித்துப் பாதையை நெருக்கிவிட்டது. நிமிர்ந்தால் பாதை இன்னும் குறுகி நரம்பை நசுக்கும், குனிந்தால் கொஞ்சம் விரியும். அதனால்தான் வண்டி மேல் சாய்ந்தால் நடக்க முடிகிறது, நிமிர்ந்து நடந்தால் கால் எரிகிறது. இடுப்பில் நசுங்குகிற நரம்பு காலில் வலிக்கிறது. இதெல்லாம் டாக்டர் நிதானமாகச் சொன்னார். அப்புறம் அவளிடம் திரும்பினார்.

"வலி வந்தப்பவே வந்திருந்தா நெம்பச் செய்யலாமுங்க. ஒண்ணுக்குப் போறது தெரியாமப் போச்சுன்னா அன்னைக்கே ஓடியாரணும். இப்பவும் உடனே ஆபரேசன் பண்ணத்தான் வேணும். வலி போயிரும். ஆனா மரத்துப்போனது திரும்புமான்னு சொல்ல முடியாதுங்க."

தண்டாயுதபாணி தலையைக் குனிந்துகொண்டார். யோசித்துப் பார்த்தால், அவளுடைய நோவை அவரைவிடத் துல்லியமாகப் பார்த்தவர் யாரும் இல்லை. தினமும் பார்த்தார். ஊரெல்லாம் சொன்னார்.

ஆபரேசன் நடந்தது. டாக்டர் சொன்னதுபோலவே கால் எரிச்சல் நின்றது. மரத்துப்போனது மரத்தபடியே இருந்தது. காலைத் தூக்கினால் வலது பாதம் தொங்கியது. இடுப்பில் சிறுநீர்க் குழாயோடும் பையோடும் வீட்டுக்கு வந்தாள்.

சில நாட்கள் கழித்து வாசலில் கடகடவென்று சத்தம் கேட்டது. தண்டாயுதபாணி பண்ணையிலிருந்து பழைய முட்டை வண்டி ஒன்றைக் கேட்டு வாங்கிக் கழுவித் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். கைப்பிடியில் துணி சுற்றியிருந்தது.

"இதப் புடிச்சு நட சாமி" என்றார். பெண்டாட்டியை அவர் சாமி என்று கூப்பிட்டு வருஷக்கணக்கு ஆகிறது.

தெய்வநாயகி வண்டியைப் பார்த்தாள். கட்டிலைவிட்டு எழவில்லை.

"கொண்டுபோய் உட்டுருங்க. அதப் புடிச்சு நடந்தா எனக்கு ஒண்ணுமில்லைன்னுதான் மறுபடியும் சொல்லுவாங்க."

அவர் வண்டியைத் திருப்பித் தெருவில் இறக்கினார். எதிர்வீட்டுச் சித்ரா வாசலில் நின்றாள்.

"ஏனுங்கண்ணா, வண்டியத் திருப்பிக் கொண்டுபோறீங்க? அக்கா நல்லா நடக்கறாங்களாட்ட இருக்குது?"

"இல்லீங்கம்மணி. அவளுக்கு முடியலீங்க" என்றார் தண்டாயுதபாணி. வண்டியை ரெண்டடி தள்ளிவிட்டு நின்று, திரும்பவும் சொன்னார். "மாவிளக்கு அன்னைக்கும் முடியலீங்க."

கட்டிலில் கிடந்த தெய்வநாயகிக்கு அது நன்றாகக் கேட்டது. அந்த ஒரு சொல்லை அவர் வாயால் கேட்கத்தான் அவள் அத்தனை காலம் காத்திருந்தாள். போர்வையை விலக்கி வலது காலைப் பார்த்தாள். விரலை அசைத்துப் பார்த்தாள். அது அசையவில்லை.